ஸ்பெக்ட்ரமின் பின்னால் மாட்டுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இன்னும் ஸ்பெக்ட்ரம் வைத்திருப்பவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். ஸ்பெக்ட்ரம் என்றால் 1980-களில் சின்க்ளேர் கம்பெனி கொண்டுவந்த, டிவியில் மாட்டி ஓட்டும் வீட்டுக் கம்ப்யூட்டர். லண்டன், துபாய் போன சித்தப்பா வாங்கி வந்தது, பரணில் 30 வருஷம் கிடந்தது, அப்பா இறந்த பிறகு பீரோவில் கிடைத்தது என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் யாராவது ஒருவர் துணிப்பையில் தூக்கிக்கொண்டு வருகிறார். பெட்டி தனியாக ஓடும். பின்னால் ஜாய்ஸ்டிக், பிரிண்டர், எஸ்டி கார்டு இவற்றை இணைக்கும் இன்டர்ஃபேஸ் போர்டு எதையாவது மாட்டினால்தான் வம்பு. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணே, பெட்டி மேல ஸ்பெக்ட்ரம்னு மட்டும்தான் போட்டிருக்கு. இது எந்த மாடல்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ரப்பர் பட்டன் இருந்தால் 1982-ல் வந்த முதல் மாடல், மெமரி 16கே அல்லது 48கே. கெட்டி பிளாஸ்டிக் பட்டனும் இடது ஓரத்தில் ரீசெட் பட்டனும் இருந்தால் 1984-ல் வந்த ஸ்பெக்ட்ரம் பிளஸ். நம் ஊரில் இதே பிளஸ் மாடலை உரிமம் வாங்கி டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் 1986 முதல் டிபி ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் விற்றது. வலது ஓரத்தில் வரிவரியாக அலுமினியத் தகடு நீட்டிக்கொண்டிருந்தால் 128. கேசட் டெக் சேர்ந்த சாம்பல் பெட்டி பிளஸ் 2. அதே உருவத்தில் கறுப்பாக இருந்தால் பிளஸ் 2ஏ, டிஸ்க் டிரைவோடு கறுப்பாக இருந்தால் பிளஸ் 3. பிளஸ் 3 வந்தது 1987-ல்.

பின்னால் மாட்டும் விஷயத்தில் இத்தனை மாடல் கணக்கு வேண்டாம். சாம்பல் பெட்டி வரைக்கும் ஒரு சாதி, கறுப்புப் பெட்டிகள் வேறு சாதி. கறுப்பு பிளஸ் 2ஏ-யின் மேலே 'பிளஸ் 2' என்றுதான் எழுதியிருக்கும், அதனால் எழுத்தை நம்பாமல் நிறத்தைப் பாருங்கள்.

ஒரிஜினல் அடாப்டர் இல்ல சார். வைஃபை பெட்டியோட அடாப்டர் பின் சரியா உட்காருது. போடலாமா?

போடாதீர்கள். பின் உட்காருவதுதான் ஆபத்தே. கறுப்புப் பெட்டி தவிர மற்ற ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் டிசி, நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். இன்று வீட்டில் கிடக்கும் அடாப்டர் எல்லாமே கிட்டத்தட்ட நடுவில் பிளஸ். தலைகீழாகக் கொடுத்தால் முதல் நொடியிலேயே உள்ளே ஏதாவது போய்விடும்.

போலாரிட்டியை மாற்றி சால்டர் வைத்தாலும் 12 வோல்ட் அடாப்டர் ஆகாது. உள்ளே இருக்கும் 7805 ரெகுலேட்டர், உள்ளே வருகிற வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்படியே சூடாக மாற்றுகிறது. 1 ஆம்பியர் இழுத்தால் 9 வோல்ட்டில் 4 வாட் சூடு, 12 வோல்ட்டில் 7 வாட். 9 வோல்ட் 2 ஆம்பியர் ரெகுலேட்டட் அடாப்டர் ஒன்றை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வாங்கி, பின்னை மாற்றிக்கொண்டு, மல்டிமீட்டர் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டுச் செருகுங்கள். அந்த ஒரு தடவையை விட்டுவிடாதீர்கள்.

ஆன்ல இருக்கும்போது ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸைக் கழட்டி மாட்டினா என்ன ஆகும்? யூஎஸ்பி மாதிரிதானே?

யூஎஸ்பி மாதிரி இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது தனி சாக்கெட் அல்ல, மதர்போர்டின் விளிம்பேதான். மேலே 28, கீழே 28 என, பெட்டியின் மூளையான இஸட்80 சிப்பின் கம்பிகள் நேராக வெளியே வருகின்றன, நடுவில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கீழ்வரிசையில் 5 வோல்ட்டும் 9 வோல்ட்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. கரண்ட் ஓடும்போது கனெக்டர் ஒரு நூல் சாய்ந்தாலும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் தொட்டுக்கொள்ளும். வழக்கமாக முதலில் சாவது டிஆர்4 என்ற டிரான்சிஸ்டர். 9 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டையும் மைனஸ் 5 வோல்ட்டையும் தயாரிக்கும் சர்க்யூட்டில் அது இருக்கிறது. கீழ் மெமரியில் உள்ள 4116 சிப்புகளுக்கு மைனஸ் 5 இல்லாமல் மற்ற வோல்ட் மட்டும் போனால் அவையும் சூடாகிப் போய்விடும். பத்து ரூபாய் டிரான்சிஸ்டரில் ஆரம்பித்து எட்டு சிப்பில் முடியும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. ஆட்டம் நடுவில் நிற்கிறதே என்று ஆன் பண்ணியபடியே இன்டர்ஃபேஸை லேசாக அசைத்தேன், அவ்வளவுதான். அம்மா காபி கொண்டு வந்து வைப்பதற்குள் திரை முழுக்கக் கோடு. இப்போது அடாப்டர் பின்னைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மற்றக் கையால் பின்பக்கத்தைத் தொடுகிறேன்.

அப்போ எனக்கும் கோடு கோடா வருது. செத்துப்போச்சா?

முதலில் பின்னால் இருப்பதை எல்லாம் கழற்றிவிட்டுத் தனியாக ஓடவிடுங்கள். கோடு போய்விட்டால் பெட்டி நலம், மாட்டிய பொருளைச் சந்தேகப்படுங்கள். போகவில்லை என்றால் 48கே, பிளஸ் மாடல்களில் மூடியைத் திறந்து ஐசி 6 முதல் ஐசி 13 வரை உள்ள 4116 சிப்புகளில் ஏதாவது ஒன்றை அளந்து பாருங்கள். 16-ஆம் கால் கிரவுண்டு. அதை வைத்து 1-ஆம் காலில் மைனஸ் 5, 8-ஆம் காலில் 12, 9-ஆம் காலில் 5 வோல்ட் இருக்க வேண்டும்.

9-ல் 5 வருகிறது, 1-ல் ஒன்றும் இல்லை என்றால் உடனே கரண்டை நிறுத்துங்கள். மேலே சொன்ன டிஆர்4 கதைதான். மூன்றும் சரியாக இருந்து கோடும் இருந்தால் மெமரி சிப் போயிருக்க அதிக வாய்ப்பு. தொட்டுப் பார்த்தால் ஒன்று மட்டும் கொதிக்கும். கொதிக்காமலும் செத்திருக்கலாம்.

மேஜையைத் தட்டினாலே ஹேங் ஆகுது. கனெக்டரை என்ன பண்ணலாம்?

போர்டின் விளிம்பில் கறுத்திருக்கிறதா பாருங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து, பஞ்சு வெள்ளையாக வரும் வரை துடைத்தால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்வார்கள். ஒரு முறை சரி, மாதா மாதம் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பரணில் கிடந்த பெட்டி என்றால் மூடியைத் திறந்து எறும்புக் கூடு, பல்லி முட்டை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், இரண்டும் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. போர்டு விளிம்பில் ஐந்தாவது இடத்தில் ஒரு வெட்டு இருக்கும். கனெக்டரில் அதே இடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தால்தான் நேராக உட்காரும். கையால் செய்த போர்டுகளில் அந்தத் துண்டு பெரும்பாலும் இருக்காது. இல்லை என்றால் சின்ன பிளாஸ்டிக் பட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டு அப்புறம் பயன்படுத்துங்கள்.

16கே பெட்டிக்கு 32கே மெமரி பேக் மாட்டியிருக்கேன். ஏறியிருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

பெட்டியின் பேசிக் மொழியில் பீக் கட்டளையால் 23732, 23733 ஆகிய முகவரிகளில் உள்ள எண்களைப் படித்து, இரண்டாவதை 256-ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்டுங்கள். 65535 வந்தால் 48கே முழுசாகத் தெரிகிறது. 32767 வந்தால் பேக்கைப் பெட்டி பார்க்கவே இல்லை. நடுவில் வேறு எண் வந்தால் மெமரி பழுது.

ஏற்கெனவே உள்ளே 48கே ஆக்கப்பட்ட பெட்டியில் இந்த பேக்கை மாட்டாதீர்கள். ஒரே முகவரிக்கு இரண்டு மெமரி பதில் சொல்லும்.

கெம்ப்ஸ்டன்னு தேர்வு பண்ணினா ஆளு தானா மூலைக்கு ஓடுறான். ஜாய்ஸ்டிக் பழுதா?

ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸ் மாட்டியிருக்கிறீர்களா? கேட்டால் பாதிப் பேர் 'இல்லை' என்கிறார்கள். கெம்ப்ஸ்டன் என்பது ஒரு ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸ் வகை. போர்ட் என்பது மாட்டிய பொருளை இஸட்80 கூப்பிடும் எண். கெம்ப்ஸ்டன் 31-ஆம் போர்ட்டில் பதில் சொல்லும்: வலது 1, இடது 2, கீழே 4, மேலே 8, சுடும் பட்டன் 16. யாருமே இல்லாத போர்ட்டைப் படித்தால் 255 வரும், இல்லையென்றால் திரை வரையும்போது கம்பியில் ஓடுகிற ஏதோ ஒரு எண் வரும். ஆட்டத்துக்கு அது எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தியதுபோல் தெரிகிறது.

மாட்டியிருந்தும் ஓடுகிறான் என்றால் பேசிக்கில் 'பிரிண்ட் இன் 31' கொடுத்துப் பாருங்கள். கை வைக்காமல் 0 வர வேண்டும். 0 வந்தால் இன்டர்ஃபேஸ் நலம். வேறு எண் விடாமல் வந்தால் அந்த எண்ணே எந்தப் பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடும். எண் மாறி மாறி வந்தால் கனெக்டர் அழுக்கு, இரண்டு பதில் மேலே போங்கள்.

ரெண்டு பொருளும் தனித்தனியா நல்லா ஓடுது. சேர்த்து மாட்டினா ரெண்டுமே ஓடலை. எப்படி?

என்னிடம் 'பழுது' என்று வருகிறவற்றில் முக்கால்வாசி இதுதான், பழுதே இல்லை. மதுரையில் ஒரு தெருமுனையில் நின்று 'பாண்டி' என்று கூப்பிட்டுப் பாருங்கள், நாலு பேர் திரும்புவார்கள். இன்னார் மகன், இந்தத் தெரு என்று முழுசாகச் சொன்னால் ஒருவர்தான் வருவார். ஸ்பெக்ட்ரமில் முழு விலாசம் கேட்பவர்கள் குறைவு. காசை மிச்சம் பிடிக்க, பதினாறு முகவரிக் கம்பிகளில் ஒன்றே ஒன்றைப் பார்த்து 'அது 0 ஆக இருக்கிறது, என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்' என்று முடிவு செய்துகொள்கின்றன. சின்க்ளேர் வகுத்த முறையே அப்படி.

யாருக்கு எந்தக் கம்பி என்று தெரிந்தால் சண்டை யாருக்குள் என்று காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். முகவரிக் கம்பிகளின் பெயர் ஏ0 முதல் ஏ15 வரை. ஏ0 பெட்டிக்குள் திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் யூஎல்ஏ சிப்புக்கு, அதன் போர்ட் 254. ஏ2 சின்க்ளேர் பிரிண்டருக்கு, போர்ட் 251. ஏ3-யும் ஏ4-யும், மைக்ரோடிரைவ் என்ற சின்ன டேப் டிரைவை இணைக்கும் இன்டர்ஃபேஸ் 1-க்கு, போர்ட்டுகள் 231, 239, 247. மலிவான கெம்ப்ஸ்டன் இன்டர்ஃபேஸ்கள் ஏ5-ஐ மட்டும் பார்க்கும். புதிதாக ஒன்றை மாட்டும் முன் அதன் போர்ட் எண்ணை இரும எண்ணாக எழுதுங்கள். வலது ஓரத்தை 0 என்று வைத்து எண்ணிக்கொண்டு வந்தால், 0 விழுந்த இடங்களுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

எஸ்டி கார்டு போடற டிவ்எம்எம்சி வாங்கினேன். இன்டர்ஃபேஸ் 1 கூட ஒத்துப்போகலை. பிரிண்டர் வேற தானா உறுமுது!

மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இந்தக் கார்டின் போர்ட் 227. இரும எண்ணில் 11100011. வலமிருந்து எண்ணினால் 2, 3, 4 மூன்று இடத்திலும் 0. கார்டைக் கூப்பிடும்போதெல்லாம் பிரிண்டரும் இன்டர்ஃபேஸ் 1-உம் 'என்னையா?' என்று எழுந்து வருகின்றன.

போர்ட் சண்டை மட்டும் என்றாலாவது சமாளிக்கலாம். இஸட்80 முகவரி 8-க்குப் போனவுடன் ஸ்பெக்ட்ரமின் ரோமை, அதாவது பேசிக் இருக்கும் நிரந்தர மெமரியை, தள்ளிவிட்டுத் தன் ரோமை முன்னால் வைப்பது இன்டர்ஃபேஸ் 1-இன் வழக்கம். பேசிக்கில் ஒவ்வொரு பிழைச் செய்தியும் அந்த முகவரி வழியாகத்தான் போகும். டிவ்எம்எம்சியும் அதே 8-ஐத்தான் குறிவைக்கிறது. இரண்டு ரோமும் ஒரே கம்பியில் பேச ஆரம்பித்தால் இஸட்80-க்குப் போவது இரண்டும் கலந்த குப்பை. ஒன்றைக் கழற்றுவதுதான் வழி. மைக்ரோடிரைவ் டேப்பில் பழைய கோப்பு கிடந்தால் ஒரு மாலை இன்டர்ஃபேஸ் 1-ஐ மட்டும் மாட்டி எல்லாவற்றையும் கேசட்டுக்கு மாற்றிக்கொண்டு, அப்புறம் கார்டுக்கு மாறுங்கள். எதையும் இழக்கமாட்டீர்கள்.

கெம்ப்ஸ்டன் மவுஸும் கெம்ப்ஸ்டன் ஜாய்ஸ்டிக்கும் ஒரே கம்பெனிதானே? அதுவே சண்டை போடுமா?

போடும். மவுஸ் போர்ட்டுகளின் கீழ்ப்பாதி 223, அதாவது 11011111. ஐந்தாம் இடத்தில் 0. ஏ5-ஐ மட்டும் பார்க்கும் ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸ் மவுஸைப் படிக்கும் போதெல்லாம் குறுக்கே பேசும், திரையில் அம்பு நடுங்கும் அல்லது ஒரே பக்கம் இழுக்கும். ஏ6, ஏ7-ஐயும் சேர்த்துப் பார்க்கும் ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸ் என்றால் பிரச்சினை இல்லை. ஓடும் ஆட்டத்தை நிறுத்திச் சேமிக்கும் மல்டிஃபேஸ் ஒன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதற்குள்ளேயே ஒரு கெம்ப்ஸ்டன் போர்ட் இருக்கிறது. தனியாக இன்னொன்று வேண்டாம்.

காலேஜ்ல ப்ராஜெக்ட்டுக்குச் செஞ்ச ரிலே போர்டு. 48ல அருமையா ஓடும், 128ல மாட்டினா ஹேங். ஏன்?

திருமங்கலத்திலிருந்து வந்தவர் கேட்டது. போர்டைத் திருப்பிப் பார்த்தேன், ஏ1 கம்பியைத்தான் எடுத்திருந்தார், போர்ட் 253. 48-ல் அந்தக் கம்பி யாருக்கும் சொந்தமில்லை, நல்ல தேர்வு. ஆனால் 128 வந்தபோது மெமரிப் பக்கம் மாற்றும் போர்ட்டுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். அதன் முழு எண் 32765. ஆனால் ஏ15-உம் ஏ1-உம் 0 ஆக இருந்தால் போதும், அது விழித்துக்கொள்ளும். பேசிக்கில் 'அவுட் 253' கொடுத்தால் இரண்டும் 0. ரிலேவுக்கு என்று அனுப்பிய எண் மெமரியையே மாற்றிவிடுகிறது, நடந்துகொண்டிருந்த நிரல் காலடியில் தரை இல்லாமல் விழுகிறது.

போர்டை வெட்டாமல் தப்பிக்க வழி உண்டு. ஆன் செய்ததும் வரும் பட்டியலில் 48 பேசிக்கைத் தேர்ந்தெடுத்தால், ரீசெட் ஆகும் வரை பக்கம் மாற்றும் போர்ட் பூட்டிக்கொள்ளும். அதில் அவருடைய ரிலே டக் டக்கென்று அடித்தது. நிரந்தரமாகச் செய்வதென்றால் ஏ6 அல்லது ஏ7-க்கு மாற்றலாம், ஆனால் அப்போது போர்ட் 31 ஜாய்ஸ்டிக்கைக் கூடவே மாட்டக் கூடாது. 31-ல் ஏ5, ஏ6, ஏ7 மூன்றுமே 0.

கறுப்பு பிளஸ் 2ஏ-ல இன்டர்ஃபேஸ் 1 வேலையே செய்யலை. கனெக்டர் அளவு ஒண்ணுதானே?

அளவுதான் ஒன்று. முதல் பதிலில் வேறு சாதி என்று சொன்னது இதனால்தான். பழைய பெட்டிகளில் உள்ளே இருக்கும் ரோமை வாயடைக்க ரோம்சிஎஸ் என்று ஒரு கம்பி இருக்கும். கறுப்புப் பெட்டிகளில் அதற்குப் பதில் வேறு இரண்டு கம்பிகள். இன்டர்ஃபேஸ் 1 பழைய கம்பியைத்தான் தேடும். தன் ரோமைக் கொண்டுவரும் பழைய கார்டுகள் எல்லாவற்றுக்கும் இதே கதி. மல்டிஃபேஸ்கூட 48-க்கு ஒன்று, 128-க்கு ஒன்று, பிளஸ் 3-க்கு ஒன்று எனத் தனித்தனியாக வந்தது. புதிய எஸ்டி கார்டுகளில் பிளஸ் 3 ஜம்பர் இருந்தால் அதை மாற்றி வையுங்கள். மின்சாரமும் வேறு: கறுப்புப் பெட்டிக்கு அடாப்டரிலிருந்தே 5, 12, மைனஸ் 12 வருகிறது. 9 வோல்ட்டை நம்பும் கார்டு அதில் பட்டினி.

128-ல படம் தெளிவா வருது, டிவில சத்தம் வரலை. சவுண்ட் சிப் போச்சா?

சிப் நன்றாகத்தான் இருக்கும். லண்டனிலிருந்து வந்த பெட்டி படத்திலிருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளிச் சத்தத்தை அனுப்பும். நம் டிவி 5.5 தள்ளித் தேடும். இரைச்சல்தான் கிடைக்கும். கேசட்டுக்குப் போகும் மைக் துளையிலிருந்து சின்ன ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 48-ல் இந்தத் தொல்லை இல்லை, அதன் பீப் உள்ளே இருக்கும் ஸ்பீக்கரில் வருகிறது.

எதை முதல்ல, எதைக் கடைசியில மாட்டணும்?

இன்டர்ஃபேஸ் 1 அடியில் ஸ்க்ரூ போட்டுப் பெட்டியோடு ஒட்டும், அதுதான் முதலில். பின்பக்கம் தொடர்ச்சிக் கனெக்டர் இல்லாதது எதுவோ அது கடைசியில். இதில் ஏமாற்றுவது, ஜாய்ஸ்டிக்கும் ரோம் கார்ட்ரிட்ஜும் மாட்டும் இன்டர்ஃபேஸ் 2. அதற்குப் பின்னால் கனெக்டர் இருக்கும், ஆனால் பிரிண்டருக்குத் தேவையான கம்பிகள் மட்டும்தான் அதில் வரும். அதன் பின்னால் எஸ்டி கார்டை மாட்டிவிட்டு 'கார்டு டூப்ளிகேட்' என்று விற்றவரோடு சண்டைக்குப் போனவரை எனக்குத் தெரியும்.

ரெண்டு ரெண்டா மாட்டினா ஓடுது. மூணையும் மாட்டினா காலையில ஓடுது, மத்தியானம் ஹேங். போர்ட் கணக்கும் போட்டுப் பார்த்துட்டேன், யாரும் மோதலை.

கணக்குப் போட்டுவிட்டு வந்தீர்களே, அதற்கே நன்றி. காலையில் ஓடுவதுதான் துப்பு. மூன்று பொருளும் 5 வோல்ட்டை அந்த ஒரே 7805-லிருந்து எடுக்கின்றன. கத்திரி வெயிலில் மாடி அறையில் அது தன்னைக் காத்துக்கொள்ள வோல்ட்டைக் குறைத்துவிடும். ஹேங் ஆகும் நேரத்தில் 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். 4.75-க்குக் கீழே போனால் விடை கிடைத்தாயிற்று. அடாப்டர் முனையிலும் அளக்கவும். அங்கே 7 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் குற்றவாளி அடாப்டர், ரெகுலேட்டர் அல்ல. 7805-ஐக் கழற்றிவிட்டு அதே மூன்று காலில் உட்காரும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் போட்டால் சூடே இருக்காது. நான் இரண்டு பெட்டிகளில் போட்டிருக்கிறேன்.

வோல்ட் எங்கும் இறங்கவில்லை என்றால் கேபிள் நீளத்தைப் பாருங்கள். கனெக்டரை வசதிக்காக ஒரு முழ ரிப்பன் கேபிளில் இழுத்து மேஜைக்குக் கீழே வைத்திருக்கிறீர்களா? இஸட்80-யின் கம்பிகள் அவ்வளவு தூரம் இழுத்துப் போக முடியாதவை. ரிப்பனை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகி, மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி ஓடவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.